கணினிக் கேள்வி பதில்: சீடி தரவில்லை, விண்டோஸை எங்கே எடுப்பது?

திருத்தக் கொடுத்த கணினி திரும்பி வருகிறது. உள்ளே விண்டோஸ் இல்லை, அல்லது இருக்கிற விண்டோஸ் எப்படி வந்தது என்று தெரியவில்லை. வாங்கும்போது சீடியும் தந்திருக்க மாட்டார்கள். கிளிநொச்சி முதல் செட்டிகுளம் வரை இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதையே சுற்றி நிற்பதால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: லப்டொப்பின் ஹாட் டிஸ்க் பழுதாகி, கடையில் புது எஸ்எஸ்டி போட்டுத் தந்தார்கள். “ஒரிஜினல் சீடி கொண்டு வாருங்கள், இல்லையென்றால் விண்டோஸ் புதிதாக வாங்க வேண்டும்” என்கிறார்கள். வாங்கும்போது விண்டோஸ் 10 ஹோம் உள்ளேயே இருந்தது, பெட்டியில் சீடி எதுவும் இருக்கவில்லை. 8ஆம் தலைமுறை ஐ5. மறுபடியும் காசு கட்ட வேண்டுமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: கட்ட வேண்டாம். லப்டொப்பின் விலையோடு விண்டோஸின் உரிமத்துக்கும் நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லப்டொப்களில் அந்த 25 எழுத்துச் சாவியைத் தயாரிப்பாளரே மதர்போர்டில் உள்ள பயோஸ் சிப்பில் (விண்டோஸுக்கு முன்பே கணினியை எழுப்பும் அடிப்படைச் செயலி இருக்கும் சிப்) எழுதிவிடுகிறார். அடியில் ஸ்டிக்கரில் சாவி அச்சிடாததற்கும் அதுதான் காரணம். ஹாட் டிஸ்க் போனாலும் சாவி போகாது. போனது ஹாட் டிஸ்கின் ஒரு மூலையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த மீட்புப் பகுதி மட்டும்தான். அதனால், எஃப்11ஐ அழுத்தினால் பழையபடி வரும் என்று யாராவது சொன்னால், புது எஸ்எஸ்டியில் அது வராது.

சீடிக்குப் பதிலாக 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பென்ட்ரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். உங்கள் ஐ5 புரொசெசர் விண்டோஸ் 11க்குத் தகுதியானது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், இப்போது புதிதாகப் போடுகிறவர் 11ஐயே போடுவது நல்லது. 10 ஹோம் சாவி 11 ஹோமையும் திறக்கும்.

விண்டோஸ் ஓடுகிற வேறொரு கணினியில் மைக்ரோசொப்ட் தளத்துக்குப் போய், விண்டோஸ் 11க்கான ‘மீடியா கிரியேஷன் டூல்’ என்ற சிறு செயலியை இறக்கி, பென்ட்ரைவைச் செருகி, அதை ஓட விடுங்கள். 5 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் இருந்தால் நடுச்சாமத்துக்குப் பிறகு தொடங்குங்கள். கவரேஜ் விட்டு விட்டு வருகிற இடமென்றால், டவுனில் நல்ல இணைப்புள்ள ஒருவரிடம் செய்விப்பது மலிவு, ஏனென்றால் பாதியில் அறுந்தால் சில வேளை முதலிலிருந்து இறக்க நேரும். போனில் ஐஎஸ்ஓ கோப்பாக (நிறுவும் டிஸ்க் முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கிப் பென்ட்ரைவுக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு தடங்கல் வரும்: ஃபட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென்ட்ரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. இடம் காலியாக இருக்கும், ஆனாலும் “கோப்பு பெரிது” என்று சொல்லும். பென்ட்ரைவ் பழுதில்லை. எக்ஸ்ஃபட் முறைக்கு மாற்றினால் ஏறும். ஆனால் அப்படி வெறுமனே படியெடுத்த ஐஎஸ்ஓவிலிருந்து லப்டொப் பூட் ஆகாது, அதாவது எழும்பாது, என்பதையும் மறக்க வேண்டாம். அதை இன்னொரு கணினியில் ரூஃபஸ் போன்ற செயலியால் வேறொரு பென்ட்ரைவில் எழுதியாக வேண்டும்.

இனி லப்டொப். சார்ஜரைச் செருகிவிட்டே தொடங்குங்கள். பழைய ஹாட் டிஸ்கும் உள்ளே, டிவிடி இருந்த இடத்தில் பொருத்தப்பட்டிருந்தால், முதலில் அதைக் கழற்றுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் சில சமயம் பூட் பகுதியைப் பழைய டிஸ்கிலும் தன்னைப் புதியதிலும் வைத்துவிடும். பிறகு ஒரு நாள் பழையதைக் கழற்றும்போது கணினி எழும்பாது, காரணமும் பிடிபடாது.

பென்ட்ரைவைச் செருகி, பவரை அழுத்தியவுடன் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ இரண்டிலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் லப்டொப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் பெரும்பாலும் பயோஸில் அது அணைக்கப்பட்டிருக்கும். எஃப்2 மூலம் உள்ளே போய் ‘எஃப்12 பூட் மெனு’வை இயக்கிவிட்டு வர வேண்டும். பட்டியலில் பென்ட்ரைவ் இரண்டு தரம் தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று முன்னால் எழுதியிருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். மற்றதில் போனால், டிஸ்கைத் தெரிவுசெய்யும் இடத்தில் ஜிபிடி, எம்பிஆர் (டிஸ்கைப் பகுதி பிரிக்கும் இரண்டு முறைகள்) என்று சண்டை வரும்.

சாவி கேட்டால் ‘என்னிடம் சாவி இல்லை’ என்பதை அழுத்துங்கள். போர்டில் சாவி உள்ள கணினியில் பெரும்பாலும் இந்தக் கேள்வியே வராது, எந்தப் பதிப்பு என்றும் கேட்காது. அது நல்ல அறிகுறி. பதிப்பைக் கேட்டால் முன்பிருந்த அதே ஹோமைத் தெரிவுசெய்யுங்கள். புரோ பெரிது என்று எண்ணிப் புரோவைப் போட்டால் உங்கள் சாவி அதற்குப் பொருந்தாது. அடுத்து டிஸ்க் பட்டியல் வரும். புது எஸ்எஸ்டியில் ‘அன்அலொகேட்டட் ஸ்பேஸ்’ என்று ஒரே வரிதான் இருக்கும். அதைத் தொட்டு அடுத்ததுக்குப் போங்கள், பகுதிகளை விண்டோஸே பிரித்துக்கொள்ளும். பட்டியலில் வேறு பகுதிகளும் தெரிந்தால் நிறுத்துங்கள். அது எந்த டிஸ்க் என்று அளவைப் பார்த்து உறுதிப்படுத்தாமல் ‘டிலீட்’டைத் தொட வேண்டாம். முதல் தடவை றீஸ்டார்ட் ஆகும்போது பென்ட்ரைவை இழுத்துவிடுங்கள். செருகியபடியே விட்டால் சில கணினிகள் அதிலிருந்தே மறுபடியும் எழும்பி, முதல் திரையைக் காட்டும்.

விண்டோஸ் 11 ஹோம், பயனர் கணக்கு அமைக்கும்போது இணையம் கேட்கும். வைஃபை டிரைவர் (அந்தப் பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் செயலி) இன்னும் ஏறாததால் வைஃபை பட்டியலே வராமல் போகலாம். பலர் இந்த இடத்தில்தான் திரும்பக் கடைக்கு ஓடுகிறார்கள். அண்ட்ரொய்ட் போனை வயரால் இணைத்து, போனில் ‘யூஎஸ்பி டெதரிங்’கை இயக்குங்கள், பெரும்பாலும் உடனே பிடிக்கும். வேலை முடிந்ததும் அந்த இணைப்பை ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அப்டேட்டுகள் அன்றைக்கே உங்கள் டேட்டாவைக் குடித்துவிடும். டிரைவர்களைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில், லப்டொப்பின் அடியில் உள்ள மொடல் இலக்கத்தைக் கொடுத்து எடுங்கள்.

கடைசியாக, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். இணையம் கிடைத்துச் சற்று நேரத்தில் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ மூலம் இயக்கப்பட்டதாக வர வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது: பழைய ஹாட் டிஸ்கைக் கடையிலிருந்து கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. அதில் படங்கள், காணி உறுதியின் ஸ்கான் பிரதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருக்கும். யூஎஸ்பி–சாட்டா வயர் ஒன்றில் மாட்டினால் பல சமயம் எடுக்க முடியும். ‘டிக் டிக்’ என்று அடிக்கிற சத்தம் வந்தால் மட்டும் மின் கொடுக்காமல் அப்படியே வையுங்கள். ஒவ்வொரு தரம் ஓடும்போதும் உள்ளே மேலும் கீறுப்படும்.

கேள்வி: மதர்போர்ட் மாற்றித் தந்தார்கள். ஹாட் டிஸ்க் பழையதுதான். கணினியைப் போட்டதும் நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவி கேட்கிறது. கடைக்காரர் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார். விடலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இன்னும் விட வேண்டாம். அது பிட்லொக்கர். டிஸ்கில் உள்ளதெல்லாம் பூட்டப்பட்டிருக்கிறது, திறக்கும் சாவி பழைய மதர்போர்டில் சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் பகுதியில் இருந்தது. போர்ட் மாறியதும் “இது வேறு கணினி” என்று எண்ணிக் கேட்கிறது. நீங்களாக ஒருநாளும் பூட்டியிருக்க மாட்டீர்கள். மைக்ரோசொப்ட் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கினால் பல புது லப்டொப்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது.

அந்தக் கணக்கில்தான் சாவியும் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்து மைக்ரோசொப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் ‘ரிக்கவரி கீ’யைத் தேடுங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவி இருந்தால், நீலத் திரையில் காட்டும் ‘கீ ஐடி’யின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிடுங்கள். எந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்தது என்று நினைவில்லையா? லப்டொப்பை முதன்முதலில் அமைத்துத் தந்தவர் தன் கணக்கைப் போட்டிருக்கலாம். அவரையும் கேளுங்கள், அலுவலகம் தந்த கணினியென்றால் அலுவலகத்தைக் கேளுங்கள். சாவி எங்குமே இல்லையென்றால் உள்ளே இருப்பதை எந்தக் கடையாலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். அப்போதுதான் அழித்துப் போடும் பேச்சு.

திறந்த பிறகு திரையின் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று எழுத்து வரும், ஏனென்றால் உரிமமும் பழைய போர்டோடு கட்டப்பட்டது. ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘ட்ரபிள்ஷூட்’ போய், ‘அண்மையில் வன்பொருளை மாற்றினேன்’ என்பதைத் தெரிவுசெய்து, அதே மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழையுங்கள். பழைய உரிமம் அந்தக் கணக்கோடு முன்பே இணைக்கப்பட்டிருந்தால்தான் இந்த வழி திறக்கும். கடையில் போட்டது வேறொரு லப்டொப்பிலிருந்து கழற்றிய போர்ட் என்றால் அதற்குள் அதன் சொந்தச் சாவி இருக்கும், பதிப்பும் ஒன்றாக இருந்தால் தானாகவே சரியாகிவிடும். நம் பக்கத்தில் விற்கும் லப்டொப்களில் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்பு அதிகம். சாதாரண ஹோமும் அதுவும் ஒன்றல்ல, சரியாகாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் போர்ட் மாற்றினால் சாவியையும் எழுதித் தருவார்கள், அதைக் கேட்டே கொடுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்கள், லப்டொப்பைத் திருத்தக் கொடுக்க முன் அந்த 48 இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

கேள்வி: புதிதாக விண்டோஸ் போட்டுத் தந்த பிறகு, பத்து வருடமாக நான் தயாரித்த வினாத்தாள்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. வைரஸா? மீட்க முடியுமா?
– ஆசிரியர், மல்லாவி

பதில்: ஒன்றும் அழியவில்லை. நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு யூனிகோட். பாமினி யூனிகோட் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. நீங்கள் ‘அம்மா’ என்று தட்டியபோது கோப்பில் பதிந்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். அவற்றுக்குத் தமிழ் முகம் தந்தது எழுத்துரு. புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாததால் முகம் போய்விட்டது.

பாமினி கோப்பை உங்கள் பாடசாலைக் கணினி எதிலிருந்தாவது எடுத்து, இருமுறை தட்டி ‘இன்ஸ்டால்’ கொடுத்து, வேர்டை மூடித் திறங்கள். அத்தனையும் திரும்பி வரும். வேறு எழுத்துருக்களும் பயன்படுத்தியிருந்தால் வேர்டின் எழுத்துருப் பெட்டி அவற்றின் பெயரைக் காட்டும், அவற்றையும் தேடுங்கள். தயவுசெய்து எதையும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம், கோப்பைத் திறந்து “சரிசெய்து” சேமிக்கவும் வேண்டாம்.

விண்டோஸை அழிக்க முன் எழுத்துருக்களை எடுத்து வைக்க விரும்புகிறவர்கள் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபொன்ட்ஸ்’. மற்றது பயனருக்கு மட்டும் நிறுவியவை இருக்கும் இடம்: பயனரின் ‘ஆப்டேட்டா’வுக்குள் லோக்கல், மைக்ரோசொப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் இருமுறை தட்டி நிறுவியவை பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்துக்கே போகின்றன.

இனித் தயாரிக்கும் வினாத்தாள்களை யூனிகோடில் செய்யுங்கள், இந்தத் தலையிடி திரும்ப வராது. விரல் பழக்கத்தை விட முடியாது என்று பயப்பட வேண்டாம். எ-கலப்பை என்ற இலவசச் செயலியில் பாமினி விசைமுறை இருக்கிறது. அதே விசைகளைத் தட்டினால் யூனிகோட் எழுத்து விழும்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் மூன்று பழைய கணினிகள் தந்தார். 2ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி றாம், பெட்டியில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர். பவர் சப்ளை மாற்றி ஓட வைத்துவிட்டோம். எதைப் போடலாம்? பிள்ளைகள் ஐசிடி படிக்கவும் கடிதம் தட்டவும்தான்.
– வாசகர், நெடுங்கேணி

பதில்: ஸ்டிக்கரில் உள்ள சாவி உண்மையானதுதான், ஆனால் விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. பிள்ளைகள் இணையத்துக்குப் போகிற கணினியில் அதைப் போடக்கூடாது. விண்டோஸ் 11 இந்த ஐ3இல் முறைப்படி ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். ஆனால் 4 ஜிபி றாமில் அது மூச்சு வாங்கும்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், அதில் பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. காசில்லை, சாவியில்லை, மூன்று கணினிக்கும் ஒரே பென்ட்ரைவ். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. குறைந்தது 20 ஜிபி டிஸ்க் இடம் தேவை. ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜிபி அளவுதான், 4 ஜிபி பென்ட்ரைவிலும் அடங்கும். அவர்களின் தளத்தில் டொரென்ட் இணைப்பும் தந்திருக்கிறார்கள், அதையே எடுங்கள். இணைப்பு பத்துத் தரம் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், இறங்கிய ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்ளும். நேரடியாக இறக்கினால், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று பார்க்கத் தளத்தில் தந்திருக்கும் ஷா-256 இலக்கத்தை ஒப்பிடாமல் எழுத வேண்டாம். ஓரிடத்தில் கோப்பு பழுதாகியிருந்தாலும் பாதி ஏறிய பிறகு, விளங்காத பிழை காட்டி நிற்கும். நீங்கள் டிஸ்கைச் சந்தேகிப்பீர்கள்.

ரூஃபஸால் எழுதிய பென்ட்ரைவிலிருந்து எழும்பினால், எதையும் அழிக்காமலே மின்ட் ஓடும். நிறுவும் முன் அதில் ஒலி, இணையம், திரை அளவு, பிரின்டர் எல்லாம் பாருங்கள். பவர் சப்ளை கெட்ட கணினியில் டிஸ்கும் அடிபட்டிருக்க இடமுண்டு. மின்டின் ‘டிஸ்க்ஸ்’ செயலியில், டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ தரவைப் பாருங்கள். ‘ரீஅலொகேட்டட் செக்டர்’ (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்) எண்ணிக்கை பார்க்கப் பார்க்கக் கூடினால் அந்த டிஸ்கில் நிறுவுவது வீண். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் முதலில் 120 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள், றாமை அதற்குப் பிறகு பார்க்கலாம். வேகத்தில் தெரியும் மாற்றம் அதில்தான் அதிகம்.

கடிதம் தட்ட லிப்ரே ஒஃபிஸ் உள்ளேயே வருகிறது. தமிழுக்கு ஐபஸ் உள்ளீட்டையும் அதற்குரிய எம்17என் தொகுதியையும் நிறுவினால் தமிழ்99, ரெங்கநாதன் ஆகிய இரண்டு விசைமுறைகளும் கிடைக்கும். ஐசிடி பாடப்புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு அது விண்டோஸ் மட்டும் இல்லை என்று கண்ணால் காட்டவும் இது உதவும். நிறுவும் முன் பெட்டிகளைத் திறந்து புழுதியை ஊதிவிடுங்கள். நம் செம்மண் தூசு, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கில் படிந்தால் எந்த இயங்குதளமும் மெதுவாகவே ஓடும்.

கேள்வி: கடையில் விண்டோஸ் போட்டுத் தந்தபோது, அன்டிவைரஸை ஓன் பண்ண வேண்டாம், பண்ணினால் ஆக்டிவேஷன் போய்விடும் என்றார்கள். சரியா?
– வாசகி, செட்டிகுளம்

பதில்: ஆபத்து. ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ மூலம் என்று எழுதியிருந்து, கணினியோ உங்கள் வீட்டுக் கணினியாக இருந்தால், போலியான சேவையொன்று உள்ளே ஓடுகிறது. அதை ஏற்றத்தான் பாதுகாப்பை அணைத்தார்கள். கூடவே வேறு என்ன ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கணினியில் வங்கி, மின்னஞ்சல் எதையும் திறக்க வேண்டாம். ஏற்கெனவே திறந்திருந்தால் கடவுச்சொற்களைப் போனிலிருந்து மாற்றுங்கள். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கிளிநொச்சி வாசகிக்குச் சொன்ன முறையில் பழையதை அழித்துப் போடுங்கள். பெரும்பாலும் உங்கள் போர்டிலேயே உண்மையான சாவி இருக்கும். இருக்கிறதைத் தேடாமல் போலியை ஏற்றுகிற வேலையைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

கேள்வி: பயோஸ் பற்றரி மாற்றிய பிறகு விண்டோஸ் எழும்பவில்லை, நீலத் திரையில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’. திரும்ப விண்டோஸ் போடத்தான் வேண்டுமா?
– வாசகர், முழங்காவில்

பதில்: பொறுங்கள், விண்டோஸ் நன்றாகவே இருக்கக்கூடும். சிஆர்2032 பற்றரியைக் கழற்றும்போது பயோஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போகும். டிஸ்க் பேசும் முறை முன்பு ஏஎச்சிஐ ஆக இருந்து இப்போது ரெய்ட் அல்லது ஐடிஈ ஆகியிருக்கும், அல்லது மறுதலை. பயோஸில் ‘சாட்டா மோட்’ என்ற இடத்தில் மற்றதுக்கு மாற்றிச் சேமித்துப் பாருங்கள். திகதியையும் சரிசெய்யுங்கள். வருடம் பிழையென்றால் எந்த இணையத் தளமும் பாதுகாப்பில்லை என்று மறுக்கும், ஆக்டிவேஷனும் நடக்காது.

கேள்வி: 11ஆம் தலைமுறை லப்டொப். பென்ட்ரைவிலிருந்து எழும்புகிறது, ஆனால் டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருக்கிறது. எஸ்எஸ்டி பழுதா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பயோஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிந்தால் பழுதில்லை. எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெலின் விஎம்டி என்ற அமைப்பு இயங்குவதால் நிறுவிக்கு டிஸ்க் கண்ணில் படவில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் ‘ரெப்பிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை எடுத்து, விரித்து, பென்ட்ரைவில் போட்டு, அந்தத் திரையிலேயே ‘லோட் டிரைவர்’ கொடுங்கள். அல்லது பயோஸில் விஎம்டியை அணையுங்கள். பழைய விண்டோஸை வைத்துக்கொள்ள நினைக்கிறவர் மட்டும் அணைக்கக் கூடாது, அது எழும்பாது.

கேள்வி: விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?
– வாசகி, மாங்குளம்

பதில்: வெறும் டிஸ்கில் புதிதாகப் போடும்போது என்றால் ஒன்றுமில்லை. கரண்ட் வந்ததும் பென்ட்ரைவிலிருந்து முதலிலிருந்து தொடங்குங்கள், பாதி ஏறிய பகுதிகளை அழித்துவிட்டு. பழைய விண்டோஸின் மேல் புதியதை ஏற்றும்போது போனால் ஆவணங்களுக்கு ஆபத்து உண்டு, ஆகவே முன்கூட்டியே படியெடுத்து வைக்க வேண்டும். பயோஸ் அப்டேட் நடுவில் போனால் மதர்போர்டே எழும்பாமல் போகலாம். பற்றரி செத்த லப்டொப்பிலோ யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியிலோ அதைச் செய்யவே வேண்டாம்.